போவதைப் பார்த்துக்கொண்டவர்

2018 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேற்குக் காற்று. கடற்காற்று இன்னும் ஊருக்குள் வரவில்லை. எங்கள் மொட்டைமாடியில் நான் வைத்திருக்கும் வெப்பமானி 37.8 காட்டியது. அந்த நேரத்தில்தான் அவர் எங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றிய பிறகு குனிந்து, இரண்டையும் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே திரும்பிப் போவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் மழையையும் வெயிலையும் அளந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. அதனால்தான் நேரமும் வெப்பமும் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. அவருடைய பெயரையும் சொல்ல முடியும். ஆனால் சொல்லப்போவதில்லை. அவர் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதை எவரிடமும் சொன்னதில்லை. அந்த அளவு மரியாதையாவது நான் திருப்பித் தர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவரைக் கூப்பிட்டது, என் கம்ப்யூட்டரில் மெயில் வெளியே போகாமல் நின்றுவிட்டதால். வருவது வந்துகொண்டிருந்தது. போவது மட்டும் ஐந்து நாளாக 'அவுட்பாக்ஸ்' பெட்டியிலேயே கிடந்தது. ஒன்பது கடிதங்கள். ஒன்பதும் நாக்பூரில் மகனோடு இருக்கும் என் அக்காவுக்கு. அக்காவுக்கு அறுபது வயதில் இரண்டு காதும் போய்விட்டன. போனில் பேச வழியில்லை. அவள் கையில் செல்போன் நிற்காது, எழுத்து சின்னதாக இருக்கிறது என்பாள். மேஜைக் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு படிப்பாள், எழுதுவாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு கம்பிதான். தினமும் காலையில் அன்றைய வெப்பத்தையும் மழையையும் நான் எழுதுவேன். அன்றைய சமையலை அவள் எழுதுவாள். வேறு பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஐந்து நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே திரையைப் பார்த்தார். அறுபது வயதைக் கடந்தவர். குள்ளம். பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, இடது கையில் ஆம்பளைகள் கட்டும் பெரிய வாட்ச்.

"வர்றதுல ஒண்ணும் இல்ல சார். வர்றது எப்படியாவது வந்துடும். போறதைத்தான் பாத்துக்கணும்."

இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. அன்றைக்கு நான் இதை ஒரு மெக்கானிக்கின் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மெயில் செயலியின் இடது பக்கப் பட்டியலில் என் முகவரிக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில், 'அவுட்கோயிங் ஸர்வர்' என்று ஒரு வரி இருந்தது. எட்டு வருடமாக அந்த வரியை நான் பார்த்ததே இல்லை. அவர் அதைத் திறந்து விளக்கினார். வருகிற கடிதத்துக்கு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி ஸர்வர் உண்டு. போகிற கடிதத்துக்கு அப்படி இல்லை. அந்தப் பட்டியலில் எந்த ஸர்வரை முதன்மை என்று குறித்திருக்கிறோமோ, வீட்டிலுள்ள எல்லா முகவரியும் அதன் வழியாகப் போகலாம். என் பழைய ஸர்வர் பாதுகாப்பு முறையை மாற்றிவிட்டது, என் பழைய பாஸ்வேர்டை இனி அது ஏற்காது. அவர் அந்த வரியை அழித்தார். புதிதாக ஒரு ஸர்வர் பெயரைத் தட்டினார். போர்ட் எண் 587. ஒரு பயனர் பெயர், பதினான்கு எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட். முதன்மை என்று குறித்தார். ஒன்பது கடிதங்களும் பதினொரு நொடியில் கிளம்பின.

"இது யாரோட ஸர்வர் மேடம்?"

"என்னுது. வாடகைக்கு எடுத்து நானே வச்சிருக்கேன். இந்தப் பக்கத்துல இருபத்தாறு பேருக்கு இது வழியாத்தான் போவுது. நீங்க இருபத்தேழு."

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போனார். வாசல் கதவைச் சாத்திய பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, நம்மாத்து லெட்டரெல்லாம் இனிமே அவா ஆத்து வழியாவா போகப்போறது?"

"எல்லாருக்கும் ஏதோ ஒரு ஸர்வர் வழியாத்தான்டி போறது. கம்பெனிக்காரன் ஸர்வர் மட்டும் என்ன, உன் தம்பியுதா?"

"கம்பெனிக்காரனுக்கு நாம யாருன்னு தெரியாது. இவ அபிராமபுரத்துல இருக்கா."

அவள் சொன்னதில் இருந்த நியாயத்தை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் எண்ணுகிறவன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது கிளம்பினாலும் அது கண்ணை விட்டு மறையும் வரை நின்று பார்ப்பார். ஒரு முறை முண்டகக்கண்ணி அம்மன் கோயில் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். யாரோ ஒரு தெரிந்த பெண்ணை வண்டி ஏற்றிவிட வந்திருந்தார். ரயில் கிளம்பியது. அவர் கையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறையும் வரை பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். அந்தப் பெண்ணே ஜன்னலை விட்டுத் திரும்பி உட்கார்ந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு சாவு நடந்தபோதும் இப்படித்தான். வண்டி கிளம்பிப் போய், சொந்தக்காரர்களே வீட்டுக்குள் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். யாராவது ஊரிலிருந்து வந்தால் அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போவாரா என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதுக்கு சார்? வர்றவங்களுக்கு வழி தெரியும்."

அவரைப் பற்றி மாடி வீட்டுப் பேராசிரியருக்கு வேறு கருத்து. பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர், எண்பத்திரண்டு வயது, தனியாக இருந்தார். ஒரு நாள் காலை மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓய், அந்த அம்மா சாமான்யப்பட்டவ இல்லை. முந்தாநாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. நேத்திக்குக் காலம்பற அவ ஒரு ரப்பர் மேட்டைச் சுருட்டிண்டு வந்து நிக்கறா! பகவானே பார்த்து அனுப்பிச்ச மாதிரி."

"ஒருத்தர்கிட்டயுமா சொல்லலை?"

"மெல்போர்ன்ல இருக்காளே, என் பொண்ணு, அவளுக்கு மட்டும் ராத்திரி ஒரு மெயில் போட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மேலே ஏறிப் போனார். ஒரு படி, இரண்டு படி. ஐந்தாம் படியில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மீண்டும் ஏறினார். மொத்தம் பதினேழு படி.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, எங்கள் கடிதங்களைப் படிக்கிறாரா என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன். மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"கண்ணுல படும் சார். தந்தி ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் கவுண்டர்ல உட்கார்ந்தவ நான். தி.நகர் ஜனங்க அனுப்பின ஒவ்வொரு வார்த்தையும் என் கண்ணு வழியாத்தான் போச்சு. வார்த்தைக்கு இவ்வளவுன்னு எண்ணித்தானே காசு வாங்கணும்? எண்ணணும்னா படிக்கணும்."

"அது தந்தி. இது வேற இல்லையா?"

"என்ன வேற? போறது போறதுதான்."

பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு கதை சொன்னார். தந்தி ஆபீஸில் ஒரு நாள் மத்தியானம் ஒருவன் வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. ஊரில் இருக்கும் மனைவிக்கு ஆறு வார்த்தைத் தந்தி. என்ன ஆறு வார்த்தை என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. "அனுப்பவா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். அவன் "அனுப்பு" என்றான். அனுப்பினார். நாலாம் நாள் அதே ஆள் வந்து இரண்டாவது தந்தி கொடுத்தான். அதில் ஒன்பது வார்த்தை.

"அதுவும் போச்சு சார். ஆனா வாங்கறதுக்கு ஆள் இல்லேன்னு திரும்பி வந்துடுச்சு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவோ இறங்கவோ இல்லை. என் மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றவள் மெல்ல உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் ஏன் அவருடைய ஸர்வரை விட்டு வெளியேறவில்லை? நியாயமான கேள்வி. பதில் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அவர் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். போய்ச் சேர்ந்தது இவ்வளவு, திரும்பி வந்தது இவ்வளவு. நீல மசியில், பழைய தந்தி ஆபீஸ் கையெழுத்தில். முதல் வருடச் சீட்டில் போய்ச் சேர்ந்தது 429, திரும்பியது 2. என் 'அனுப்பியவை' பெட்டியில் எண்ணினேன். 431. கச்சிதம். ஓய்வு பெற்று பதினாறு வருடத்தில், நான் எண்ணியதை இன்னொருவரும் எண்ணி, இரண்டும் பொருந்தியது அதுதான் முதல் தடவை. அந்தச் சீட்டை நான் பீரோவில் வைத்திருக்கிறேன். அவர் மீது எனக்கு இருந்தது பயமா, பிரியமா என்று கேட்டால், இரண்டும் ஒரே அளவில் இருந்தது என்றுதான் சொல்வேன்.

இனி, என் கடிதத்துக்கு வருகிறேன்.

2020 ஜனவரி 22, புதன்கிழமை. அம்மாவின் திதி முடிந்த மறுநாள். அக்காவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மூன்றாம் வருடமாக நான் திதியை வீட்டில் செய்யாமல் வெளியில் பணம் கட்டிச் செய்ததைப் பற்றி. கடைசி வரியில், "அம்மாவுக்குக் கடைசி ஆறு மாசமும் நீ கணக்குப் பார்த்துத்தானே சோறு போட்டாய்" என்று எழுதியிருந்தாள்.

நான் கணக்குப் பார்ப்பவன்தான். அம்மாவுக்கு மருந்து எத்தனை வேளை, கஞ்சி எத்தனை மில்லி, தூக்கம் எத்தனை மணி என்று நோட்டில் எழுதி வைத்தேன். அது அக்காவுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. பதினொன்று பத்துக்கு எழுத ஆரம்பித்தேன், பதினொன்று முப்பத்தைந்துக்கு முடித்தேன். இருநூற்றுப் பதினான்கு வார்த்தை. எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். கடைசி இரண்டு வாக்கியம் மட்டும்: "உனக்குக் காது போனது நோயினால் அல்ல. யார் சொல்வதையும் கேட்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து நீ ஆசைப்பட்டாய், அது நிறைவேறியது."

அனுப்பு பொத்தானை அழுத்தினேன். 'அனுப்பியவை' பெட்டியில் போய் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவர். நான் கூப்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

"அக்கா நல்லா இருக்காங்களா சார்?"

"இருக்காளே. ஏன்?"

"இந்தப் பக்கமா வந்தேன். கேட்டேன்."

தண்ணீர் கேட்டார். முழு டம்ளரும் குடித்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தார். பிறகு போய்விட்டார். ஏன் வந்தார் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இரவு முழுதும் தூங்கவில்லை. நாற்பது வருடம் என்னோடு சண்டை போட்டு, நாற்பது வருடமும் முதலில் பேசியவள். அவளைப் போய் அப்படி எழுதிவிட்டேனே என்று விடிவதற்குள் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தேன். காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து மெயில். பயந்துகொண்டே திறந்தேன். "நேற்று எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதேடா. ஒற்றைத் தலைவலி. நீ அம்மாவைப் பார்த்துக்கொண்ட மாதிரி நான்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இன்று வெந்தயக் குழம்பு."

என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்துவிட்டு, விழுங்கிவிட்டு, மேலே போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். திரையின் முன் உட்கார்ந்து அழுதேன். நானும் அதைப் பற்றி எழுதவில்லை. மன்னித்தவளிடம் போய் மன்னிப்புக் கேட்டால், மறந்ததை நினைவுபடுத்துவது மாதிரி ஆகும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஊரடங்கு வந்தது. தினம் ஒன்றாக இருந்த கடிதம் இரண்டானது. அவள் சின்ன வயதுக் கதையெல்லாம் எழுதினாள். என் எழுபத்தெட்டு வருட வாழ்க்கையில் நானும் அக்காவும் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த இரண்டு வருடம்தான். எல்லாம் அந்த ஒரு மன்னிப்பின் மேல் கட்டியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2021 அக்டோபர் 21, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மேகமூட்டம், மழை இல்லை. ஊரடங்கினால் விட்டுப்போன சீட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அவர் வந்தார். தலை முழுவதும் வெளுத்திருந்தது. செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். சீட்டை நீட்டினார். போய்ச் சேர்ந்தது 1,903. திரும்பியது 3.

நான் உட்கார்ந்து என் பெட்டியை எண்ணினேன். முதல் வருடத்தைக் கழித்தால் 1,907.

"ஒண்ணு குறையறதே மேடம்."

அவர் கண்ணாடிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்.

"1,906தான் வரது. எங்கிட்ட 1,907 இருக்கு. நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"உங்க பெட்டியில இருக்கறது உங்க நகல் சார். என் ஸர்வர் கையில குடுத்துட்டீங்கங்கறதுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அங்கேர்ந்து போச்சாங்கறது அந்தப் பெட்டிக்குத் தெரியாது."

"அப்போ ஒண்ணு போகலையா?"

"நிறுத்தி வச்சிருக்கேன்."

எது நின்றுபோனது? பென்ஷன் ஆபீஸுக்குப் போட்ட மனுவா? அக்காவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எழுதியதா? அதற்கு அவள் பதில் போட்டாளா இல்லையா? எனக்கு நினைவு வரவில்லை. அந்த ஜனவரிக் கடிதம் என் நினைவுக்கே வரவில்லை. அதுதான் போய்ச் சேர்ந்து, மன்னிக்கவும் பட்டுவிட்டதே.

"என் லெட்டரை நிறுத்தி வைக்க நீங்க யார்?"

"யாரும் இல்ல சார். நிறுத்தினது தப்புதான். அப்படியே இருக்கட்டுமே. ஒண்ணுதானே?"

"ஒண்ணுதானேன்னா? கணக்குன்னா கணக்குதான். நான் எழுதினது அத்தனையும் போகணும்னுதான் எழுதினேன்."

அவர் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தார். திறந்தார். என் பக்கம் திருப்பினார்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அனுப்பவா?"

"என் லெட்டரை நீங்க படிச்சதே அசிங்கம். அதை உங்க மெஷின்ல, உங்க முன்னாடி உக்காந்து நான் படிக்கணுமா? திருப்பிக்கோங்கோ அந்தண்டை. அனுப்புங்கோ."

"சார், அனுப்பவா?"

உள்ளேயிருந்து என் மனைவி, "ஏன்னா, என்னன்னுதான் பாருங்கோளேன்" என்றாள்.

"நீ சும்மா இரு. அனுப்புங்கோன்னு சொல்லியாச்சு."

"கணக்கு சரியா வந்தாப் போதுமா சார்? அனுப்பவா?"

"அனுப்புங்கோ!"

ஒரு வரி தட்டினார். ஒரு விசை அழுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ரயிலைப் பார்த்தது போலவே. வாட்சைப் பார்த்தார்.

"போயிடுச்சு."

"யாருக்கு?"

"உங்க அக்காவுக்கு. போன வருஷம் ஜனவரியில எழுதினது."

சீட்டை என் கையிலிருந்து வாங்கினார். 1,903 என்பதை அடித்து 1,904 என்று எழுதினார். மேஜையில் வைத்தார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அறுநூற்று முப்பத்தெட்டு நாட்களாக ஒரு மன்னிப்புக்காக நான் நன்றியோடு இருந்தேன். அந்த மன்னிப்பு நடக்கவே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து மெயில் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் எழுதினேன். கோபத்தில் எழுதியது, பழையது, தவறிப்போய் இப்போது வந்தது, மன்னித்துவிடு என்று. பதில் இல்லை. அக்கா பையனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா கம்ப்யூட்டர் பக்கமே போறதில்ல மாமா. துணி போட்டு மூடிட்டா. என்ன ஆச்சு?"

அந்த நவம்பரில் சென்னையில் மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். குடையோடு மாடி ஏறி அளந்தேன். ஒவ்வொரு நாளும் அளந்ததை அக்காவுக்கு எழுதினேன். நாற்பத்து நான்கு கடிதம். அவருடைய ஸர்வர் வழியாகத்தான். ஒன்றையும் அவர் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒரு நாள் தண்ணீரில் நடந்து அபிராமபுரம் போய் அவரைப் பார்த்தேன். திட்டத்தான் போனேன். போனதைத் திருப்பி இழுக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடிஞ்சா நான் ஏன் சார் நிறுத்தி வைக்கறேன்?"

அவர் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றார். என்னுடையது போல இன்னும் எத்தனை கடிதம் அவரிடம் நிற்கிறது என்று கேட்டேன்.

"வேணாம் சார். உங்களுக்கு ஒரு எண் சொன்னா நீங்க விட மாட்டீங்க."

அதுவரை யாரும் என்னை அவ்வளவு சரியாக அளந்ததில்லை. மாடி வீட்டுப் பேராசிரியரின் கடிதம், தெருமுனை வீட்டுக்காரர் தன் தம்பிக்கு எழுதியது, யார் கண்டது, என் மனைவி எழுதியதுகூட அங்கே நின்றிருக்கலாம். எங்கள் தெருவில் பல வீடுகள் இன்னும் உடையாமல் இருந்தது அவர் அழுத்தாமல் விட்ட விசைகளால்தானோ என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குக் குளிர் எடுத்தது, நனைந்ததால் மட்டுமல்ல.

பின்னால் ஒரு பிப்ரவரியில் அந்த ஸர்வர் பதில் சொல்வதை நிறுத்தியது. அதற்கு இரண்டு வாரம் முன்பே இருபத்தேழு பேருக்கும் ஒரு மெயில் போட்டிருந்தார், வேறு ஸர்வர் எப்படி அமைப்பது என்று, ஒவ்வொரு படியாக. நான் அபிராமபுரம் போனபோது வீடு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் இருந்தார்.

"அந்தம்மாவா? காலி பண்ணிக்கினு போய்டுச்சே சார்."

"எங்கே போனா?"

"யாராண்டையும் சொல்லிக்கல. நாந்தான் ஆட்டோ புட்ச்சாந்தேன். ரெண்டு பொட்டி, ஒரு கம்ப்யூட்டர் பையி. ஏறிக்கினு போய்டுச்சு."

"வழியனுப்ப யாரும் வரலையா?"

"யாரு கீறாங்க அதுக்கு? நான்கூட மோட்டார் போடணும்னு உள்ள பூட்டேன் சார்."

அந்தக் கடிதங்களோடு போனாரா, அழித்துவிட்டுப் போனாரா என்று இன்றுவரை தெரியவில்லை. சில நாள் காலையில் மெயிலைத் திறக்கும்போது, தெருவில் எந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

நான் நாக்பூர் போனதையும் சொல்லிவிடுகிறேன். அது அவர் ஊரில் இருந்தபோதே, அந்த 2021 டிசம்பரில் நடந்தது. தத்கலில் டிக்கெட் எடுத்தேன். அக்கா பையனுக்கு மட்டும் ரயில், பெட்டி, படுக்கை எண் எழுதி ஒரு மெயில் போட்டேன். சென்ட்ரலில் என் பெட்டியைத் தேடிப் போனால், அந்தக் கதவுக்கு நேராக அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

"என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டீங்களா சார்?"

"பதினேழு மணி நேரம் இருக்கே. யோசிக்கறேன்." பிறகு கேட்டேன். "அன்னிக்கு நீங்க இன்னும் கொஞ்சம் தடுத்திருக்கப்படாதா?"

"மூணு தடவை கேட்டேன் சார். தந்தி ஆபீஸ்ல ஒரு தடவைதான் கேப்போம்."

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கையை ஆட்டவில்லை. எதுவரை நின்றார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் அவர் பார்வையை எடுத்திருக்க மாட்டார்.

அக்காதான் கதவைத் திறந்தாள். "வா" என்றாள். கை கால் கழுவத் தண்ணீர் காட்டினாள். இலை போட்டாள். அவளோடு நேரில் பேச ஒரே வழிதான் உண்டு. எதிரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பேசினால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். நான் எதிரே உட்கார்ந்தேன். "அக்கா" என்றேன். அவள் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் விட்டாள். மறுபடி சொன்னேன். மோரின் உப்பைப் பார்த்தாள். கையைத் தொட்டேன். கையை விலக்கவில்லை, ஆனால் தலையைத் தூக்கவும் இல்லை. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன். வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்புறம் படிக்கறேன்" என்றாள், சாதாரணமாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மூன்று நாள் இருந்தேன். வேளைக்கு வேளை சாப்பாடு. வெந்நீர், துவட்டத் துண்டு, ராத்திரி பால். ஒன்றிலும் குறை இல்லை. மூன்று நாளும் அவள் ஒரு தடவைகூட என் வாயைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ரயிலுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். "பத்திரமா போ" என்றாள், பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்து. நான் வாசலில் நின்று, நிறுத்தி நிறுத்தி, நான் சொல்ல வந்த அத்தனையும் சொன்னேன். எட்டு வாக்கியம். அவள் தலை குனிந்திருந்தது. அவள் பேரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

போக தத்கல் டிக்கெட் 1,985. வர 1,515. சென்னையில் ஆட்டோ இரண்டு தடவை, 520. நாக்பூரில் 300. அவள் பிரிக்காமல் வைத்த ஸ்வீட் பெட்டி 420. வழிச் சாப்பாடு, காபி 365. ஆக மொத்தம் ஐயாயிரத்து நூற்று ஐந்து ரூபாய்.